மழைக்கு முன்பே பையில் குடை!

''எனக்கு அந்த மாத்திரை எல்லாம் கேட்காது மச்சி. சின்ன வயசுலேர்ந்து போட்டுப் போட்டு உடம்புக்குப் பழகிடுச்சு!''

எந்த ஹாஸ்டலுக்குப் போனாலும், எந்த ரூமில் யாருக்குக் காய்ச்சல் அடித்தாலும் இந்த டயலாக் காதில் விழும். சொல்கிறவருக்கும் சந்தேகம் இல்லை. கேட்கிறவரும் தலையை ஆட்டிவிட்டு, 'அப்போ வேற ஸ்ட்ராங்கா ஏதாவது வாங்கிட்டு வரவா?' என்று மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பிவிடுவார்.

விஷயம் என்னவென்றால், அந்த டயலாக் தப்பு. ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு உடம்பு பழகுவதில்லை. மருந்துக்கு டிமிக்கி கொடுப்பது உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியா. சரி, அதுவாவது பழகிக்கொண்டதா என்றால், அதுவும் இல்லை. பாக்டீரியா எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மருந்தை ஜெயிக்க வேண்டும் என்று உட்கார்ந்து பிளான் போடவில்லை. பிறகு எப்படி மருந்து தோற்றது?

இதற்கான பதில், நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்து, எக்ஸாம் ஹாலிலேயே விட்டுவிட்டு வந்த ஒரு பாடத்தில் இருக்கிறது. இயற்கைத் தேர்வு. சார்லஸ் டார்வினும் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்து, 1858-ல் லண்டனில் இருவர் பெயரிலும் வெளியான கொள்கை. அடுத்த வருடம் டார்வின் அதை முழுப் புத்தகமாக எழுதினார். டைனோசர், குரங்கு, ஒட்டகச்சிவிங்கி என்று எங்கேயோ நடந்த கதையாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது இன்றைக்கு ராத்திரியும் நம் வயிற்றுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. புரியாமல் விட்டால் மார்க் மட்டும் போகாது, உயிரும் போகலாம்.

ஜிம் பாடி பிள்ளைக்கு வராது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பரிணாமம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது இந்தக் கதைதான்: ஒட்டகச்சிவிங்கி உயரத்தில் இருந்த இலையைத் தின்ன எட்டி எட்டிப் பார்த்தது, கழுத்து நீண்டது, அந்த நீண்ட கழுத்து அப்படியே குட்டிக்கும் வந்தது. ஃபிரான்ஸைச் சேர்ந்த லாமார்க் 1809-ல் எழுதிய புத்தகத்தில் இருக்கும் கருத்து இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நீங்கள் தினமும் காலையில் ஜிம்முக்குப் போய் சிக்ஸ் பேக் வைத்தால், நாளைக்கு உங்கள் பிள்ளை சிக்ஸ் பேக்கோடா பிறக்கப் போகிறது? அதுவும் தன் பங்குக்குத் தண்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும்!

டார்வின் சொன்னது வேறு. ஒரு கூட்டத்தில் பிறக்கும்போதே கழுத்து கொஞ்சம் நீண்டவை இருக்கும், கொஞ்சம் குட்டையானவையும் இருக்கும். நீண்ட கழுத்தால் ஆதாயம் இருக்கிற இடத்தில் அவை கூடுதலாகப் பிழைக்கும், கூடுதலாகக் குட்டி போடும். அடுத்த தலைமுறையில் நீண்ட கழுத்துக்காரர்களின் சதவிகிதம் ஏறும். இதில் எந்த ஒட்டகச்சிவிங்கியும் மாறவில்லை. கூட்டத்தின் கணக்குதான் மாறியது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இப்படி யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் திடீரென்று மழை கொட்டுகிறது. பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் தொப்பலாக நனைந்து நிற்க, நாலைந்து பேர் மட்டும் குடையோடு ஜாலியாக நிற்கிறார்கள். அவர்கள் மழையைப் பார்த்த பிறகு ஓடிப்போய் குடை வாங்கினார்களா? இல்லை, மழைக்கு முன்பே பையில் குடை இருந்ததா? லாமார்க் கட்சி 'பிறகு' என்று சொல்லும். டார்வின் கட்சி 'முன்பே' என்று சொல்லும்.

நனையாமல் நிற்பவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கட்சி சரி என்று சொல்லிவிட முடியாது. இரண்டிலும் ரிசல்ட் ஒன்றுதான். பாக்டீரியா விஷயத்தில் 1940-கள் வரை விஞ்ஞானிகளுக்கும் இதே தலைவலி. பாக்டீரியாக் கூட்டத்தில் வைரஸை ஊற்றினால் ஏறக்குறைய எல்லாம் செத்துவிடும். கொஞ்சம் மட்டும் பிழைத்து நிற்கும். அவை வைரஸைப் பார்த்த பிறகு மாறியவையா? முன்பே மாறியிருந்தவையா?

ஜாக்பாட் அடித்த பார்ட்டி

முடிச்சை அவிழ்த்தவர் சால்வடோர் லூரியா. இத்தாலிக்காரர், யூதர். முசோலினி ஆட்சியில் நாட்டைவிட்டு வெளியேறி, பாரிஸுக்குப் போய், அங்கேயும் ஜெர்மன் படை வந்ததால் தப்பி, கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். 1943-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் வேலை.

ஒரு சனிக்கிழமை ராத்திரி பேராசிரியர்களுக்கான டான்ஸ் பார்ட்டி. அங்கே ஒரு சூதாட்ட மெஷின். காசைப் போட்டு கைப்பிடியை இழுத்தால் பெரும்பாலும் பட்டை நாமம், எப்போதாவது ஜாக்பாட். லூரியாவின் நண்பர் ஒருவர் அதில் காசைப் போட்டுப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தார். 'எப்படியும் தோற்கத்தான் போகிறீர்' என்று லூரியா அவரைக் கலாய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜாக்பாட் அடித்தது! சில்லறை கொட்டியது. நண்பர் ஒரு முறை முறைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

லூரியாவுக்குப் பொறி தட்டியது அங்கேதான். அந்த மெஷின் காசைச் சமமாகப் பிரித்துத் தருவதில்லை. பத்து தடவை ஒன்றும் தராமல், ஒரு தடவை மொத்தமாகக் கொட்டும். பாக்டீரியாவும் அப்படிக் கொட்டினால்? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே லேபுக்கு ஓடினார்.

அவர் செய்த சோதனை ரொம்ப எளிமை. தனித்தனி டியூப்களில் கொஞ்சம் கொஞ்சம் பாக்டீரியாவைப் போட்டு வளரவிட்டார். ஒவ்வொன்றிலும் கோடிக்கணக்கில் பெருகின. பிறகு ஒவ்வொரு டியூபையும் தனித்தனியாக, வைரஸ் தடவிய தட்டில் ஊற்றினார். எத்தனை பிழைத்தன என்று எண்ணினார்.

யோசித்துப் பாருங்கள். வைரஸைப் பார்த்த பிறகுதான் மாற்றம் வருகிறது என்றால், எல்லா டியூபும் வைரஸைப் பார்ப்பது ஒரே சமயத்தில்தான். அதனால் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை பிழைக்க வேண்டும். ஆனால், மாற்றம் முன்பே தற்செயலாக வருகிறது என்றால் கதை வேறு. நம்ம காலேஜ் கிசுகிசு மாதிரி. காலை ஒன்பது மணிக்கு ஒருவர் வாயில் கிளம்பிய கிசுகிசு, சாயங்காலத்துக்குள் நூறு பேரிடம் போயிருக்கும். நாலரை மணிக்குக் கிளம்பியது ஒன்றிரண்டு பேரோடு நிற்கும். சில கிளாஸில் கிசுகிசு கிளம்பவே இல்லையென்றால் பூஜ்யம். அதே போல, டியூபில் சீக்கிரமே ஒரு பாக்டீரியாவுக்கு மாற்றம் வந்திருந்தால் அதன் வாரிசுகள் ஏராளமாக இருக்கும். கடைசி நேரத்தில் வந்திருந்தால் ஒன்றிரண்டு. வரவே இல்லையென்றால் ஒன்றும் இருக்காது.

லூரியாவின் ஒரு சோதனையில் 20 டியூப்கள். ரிசல்ட் இதுதான்: 11 டியூபில் பூஜ்யம். இரண்டில் தலா 1. ஒன்றில் 3. இரண்டில் தலா 5. ஒன்றில் 6. பிறகு 35, 64, 107!

ஒரே பெரிய பாத்திரத்தில் வளர்த்த பாக்டீரியாவிலிருந்து பத்து தடவை எடுத்துப் பார்த்தபோதோ, குறைந்தது 13, அதிகம் 26. ஆக, எண்ணுவதில் கோளாறு இல்லை. டியூபுக்கு டியூப்தான் வித்தியாசம். அதாவது ஜாக்பாட். குடை மழைக்கு முன்பே பையில் இருந்தது!

இதற்கான கணக்கை மேக்ஸ் டெல்புரூக் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் போட்டுக் கொடுக்க, இருவரும் 1943-லேயே கட்டுரை வெளியிட்டார்கள். 1969-ல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியோடு சேர்ந்து இருவருக்கும் நோபல் பரிசு.

வெல்வெட் துணி சொன்ன சாட்சி

'கணக்கெல்லாம் சரி பாஸ், கண்ணால பார்க்க முடியுமா?' என்று கேட்பவர்களுக்காக 1952-ல் இன்னொரு சோதனை வந்தது. செய்தவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதி.

ஒரு தட்டு நிறைய பாக்டீரியா வளர்த்தார்கள். வெல்வெட் துணி சுற்றிய ஒரு கட்டையை ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி அதன் மேல் ஒற்றி எடுத்தார்கள். துணியின் மெல்லிய இழைகளில் பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும். அதே கட்டையை, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த வேறு தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றினார்கள். முதல் தட்டில் எது எங்கே இருந்ததோ, மற்றவற்றிலும் அது அங்கேயே விழும். பக்காவான ஜெராக்ஸ்.

மருந்து இருந்த தட்டுகளில் எல்லாம் செத்து, ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் பிழைத்தன. ஆச்சரியம் என்ன தெரியுமா? எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில்! பிறகு மருந்தே பார்க்காத ஒரிஜினல் தட்டுக்குப் போய், அதே இடத்தில் இருந்த பாக்டீரியாவை எடுத்து வளர்த்து, திரும்பத் திரும்ப இதையே செய்தார்கள். கடைசியில், பரம்பரையில் ஒன்றுகூட மருந்தின் முகத்தைப் பார்க்காமலேயே, மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா கைக்கு வந்தது. மழையே பார்க்காத ஊரிலும் குடை!

(1958-ல் பாக்டீரியா மரபியல் ஆய்வுகளுக்காக ஜோஷுவாவுக்கு நோபலில் பங்கு கிடைத்தது. வெல்வெட் சோதனையில் சேர்ந்து உழைத்த எஸ்தருக்குக் கிடைக்கவில்லை. அது தனிக் கதை!)

நாலே நாலு சமாச்சாரம்

இப்போது இயற்கைத் தேர்வை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒன்று, வித்தியாசம். ஒரு கூட்டத்தில் எல்லோரும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். டி.என்.ஏ.வைக் காப்பி எடுக்கும்போது பிழை வரும். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் எழுத்துகள். காப்பி எடுப்பதில் அது கில்லாடி. பல நூறு தடவைக்கு ஒரு முறைதான் எங்காவது ஒரு எழுத்து மாறும்.

இரண்டு, வாரிசு. அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும். ஜிம் பாடி போகாது, டி.என்.ஏ. பிழை போகும்.

மூன்று, வடிகட்டல். அந்த மாற்றம் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பிழைப்பதிலோ, வாரிசு பெறுவதிலோ வித்தியாசம் வர வேண்டும்.

நான்கு, தலைமுறைகள். இது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும்.

அவ்வளவுதான். இந்த நாலும் எங்கே இருந்தாலும் அங்கே பரிணாமம் நடக்கும். யாரும் திட்டம் போட வேண்டாம், யாரும் ஆசைப்பட வேண்டாம். பிழை வருவது குருட்டாம்போக்கு. ஆனால், எது நிற்கும், எது போகும் என்பது குருட்டாம்போக்கு இல்லை. 'எல்லாமே தற்செயலா நடந்ததுன்னு சொல்றாங்களே' என்று குழம்புகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

பாக்டீரியாவுக்கு இது ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறது? ஒரு கணக்குப் போடுவோம். நல்ல சாப்பாடு கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ராத்திரி எட்டு மணிக்கு ஒன்றே ஒன்று என்று வையுங்கள். காலை ஆறு மணிக்குள் 30 தடவை பிரிந்திருக்கும். இரண்டை முப்பது தடவை பெருக்கினால்? 107 கோடி! ஆயிரம் காப்பிக்கு ஒரே ஒரு பிழை என்று வைத்தாலும், அதில் லட்சக்கணக்கான பிழைகள். பெரும்பாலானவை உபயோகம் இல்லாதவை, சில கெடுதலானவை. ஆனால், இத்தனை லட்சம் பைகளில் ஏதாவது ஒன்றில் குடை இருக்காதா என்ன? நாம் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பதற்குள் அது முப்பது தலைமுறையைப் பார்த்துவிடுகிறது. மனிதர்களுக்கு முப்பது தலைமுறை என்றால் கிட்டத்தட்ட ராஜராஜ சோழன் காலத்துக்கே போக வேண்டியிருக்கும்!

30,000 வருடப் பழைய குடை

1928-ல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் லண்டனில் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். அதை மருந்தாக மாற்றிய ஆக்ஸ்ஃபோர்டு குழு, நோயாளியைக் குணப்படுத்தும் முயற்சியில் முதல் ஊசியை 1941 பிப்ரவரியில் போட்டது. ஆனால், பெனிசிலினை உடைத்துப் போடும் ஒரு நொதி பாக்டீரியாவிடம் இருக்கிறது என்று அதே குழுவைச் சேர்ந்த ஆப்ரஹாமும் செயினும் 1940 டிசம்பரிலேயே எழுதிவிட்டார்கள். மருந்து வார்டுக்குள் நுழைவதற்கு முன்பே எதிராளி ரெடி!

அது எவ்வளவு காலமாக ரெடி என்பது 2011-ல் தெரிந்தது. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 வருடமாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் டி.என்.ஏ. எடுத்தார்கள். பெனிசிலின் குடும்பம், டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் ஜீன்கள் அதில் இருந்தன. மாத்திரை கண்டுபிடிக்கும் மனிதன் வருவதற்கு எத்தனையோ ஆயிரம் வருடம் முன்பே! காரணம் சிம்பிள். ஆன்டிபயாடிக் பலவும் நாம் கண்டுபிடித்தவை அல்ல, எடுத்துக்கொண்டவை. பூஞ்சையும் மண் பாக்டீரியாவும் காலங்காலமாக ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளத் தயாரித்த ஆயுதங்கள் அவை. ஆயுதம் இருக்கிற இடத்தில் கேடயமும் இருக்கத்தானே செய்யும்?

கத்திரி வெயிலில் ரெயின்கோட்

'வல்லவன் வாழ்வான் என்பதுதானே டார்வின் சொன்னது? அப்போ அந்தக் குடைக்கார பாக்டீரியாதான் வல்லவன். அது ஏன் முன்பே உலகம் முழுக்கப் பரவவில்லை?' நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் பிரபலமான அந்த வாசகத்தை உருவாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1864-ல். டார்வின் பிறகுதான் அதைக் கடன் வாங்கிக்கொண்டார். அது 'வல்லவன்' பற்றியதும் அல்ல. அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு எது தோதோ, அது.

கத்திரி வெயிலில் ஒருவர் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும்? அவருக்குத்தான் கஷ்டம். மருந்தை எதிர்க்கும் பல பாக்டீரியாக்களின் நிலைமையும் அதுதான். மருந்தை உடைக்கும் நொதியைத் தயாரிக்க வேண்டும், மருந்தை வெளியே இறைக்கும் பம்பை ஓட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் சக்தி செலவு. மருந்து இல்லாத இடத்தில் அந்தச் செலவு தண்டம். சுமை இல்லாத சாதாரண பாக்டீரியா அதை முந்திவிடும். அதனால்தான் அவை கூட்டத்தில் ஒரு மூலையில் ஒன்றிரண்டாக இருக்கும்.

மருந்து வந்ததும் காட்சி தலைகீழ். சாதாரண பாக்டீரியா எல்லாம் காலி. போட்டிக்கு ஆள் இல்லை, சாப்பாடு ஏராளம், இடம் ஏராளம். மூலையில் இருந்தது மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். மருந்து அதை உருவாக்கவில்லை. அதற்கு இடத்தைக் காலி செய்து கொடுத்தது. சில சமயம் அந்தச் சுமையைக் குறைக்கும் இன்னொரு பிழையும் வந்து சேர்ந்துவிட்டால், மருந்தை நிறுத்திய பிறகும் அது இடத்தைக் காலி பண்ணாது.

படிப்படியாக ஏறினால் இன்னும் வசதி. 2016-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலும் இஸ்ரேலின் டெக்னியனிலும் இருந்த விஞ்ஞானிகள் நாலு அடி நீளம், இரண்டு அடி அகலத்தில் ஒரு பிரம்மாண்டத் தட்டு செய்தார்கள். இரண்டு ஓரத்தில் மருந்தே கிடையாது. உள்ளே போகப் போக, பட்டை பட்டையாக மருந்து பல மடங்கு கூடிக்கொண்டே போகும். ஓரத்தில் ஈ.கோலையை விட்டுவிட்டு வீடியோ எடுத்தார்கள். ஒவ்வொரு எல்லைக்கோட்டிலும் கூட்டம் முட்டி நிற்கும். எங்காவது ஒரு புள்ளியில் ஒன்று மட்டும் கோட்டைத் தாண்டும். அதன் வாரிசுகள் விசிறி மாதிரி விரியும். அடுத்த கோடு, மறுபடி நிற்கும், மறுபடி ஒன்று தாண்டும். இரண்டு வாரத்துக்குள், ஆரம்பத்தில் கொன்ற அளவைவிட ஆயிரம் மடங்கு மருந்தில் நிம்மதியாக வளர்ந்தன! ஆனால், நடுவில் படிகளை வைக்காமல் நேராக உச்சத்தில் கொண்டுபோய் விட்டால் தாண்ட முடியவில்லை. அரைகுறை டோஸ் ஏன் ஆபத்து என்று இப்போது புரிகிறதா? அது பாக்டீரியாவுக்கு நாமே கட்டிக் கொடுக்கும் மாடிப்படி. ஃபிளெமிங் 1945-ல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே இதை எச்சரித்திருந்தார்.

சென்னை கனெக்‌ஷன்

பாக்டீரியாவுக்கு இன்னொரு வசதி உண்டு. நாம் டி.என்.ஏ.வை அப்பா அம்மாவிடம் மட்டுமே வாங்க முடியும். பாக்டீரியா பக்கத்து சீட்டுக்காரரிடமே வாங்கிக்கொள்ளும். பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் எழுதி, நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது மாதிரி கொடுத்துவிடும். வேறு இனத்துக்கும் கொடுக்கும். வாங்கிய பிறகு வடிகட்டல் வழக்கம்போல நடக்கும்.

அப்படிப் பரவிய ஒன்றுதான் என்.டி.எம்.-1 என்ற நொதிக்கான ஜீன். மற்ற மருந்துகள் கைவிட்ட நிலையில் டாக்டர்கள் எடுக்கும் கார்பபெனெம் வகை மருந்துகளையே இது உடைத்துவிடும். டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் கண்டறியப்பட்டு, 2009-ல் கட்டுரையாக வந்தது. பெயரிலேயே 'நியூ டெல்லி' இருந்ததால் இங்கே பெரிய சர்ச்சை. 2010-ல் வெளியான அடுத்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இது இருந்தது. 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள், ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தக் கோரி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. முக்கியமான பல ஆன்டிபயாடிக் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்ற 'ஹெச்-1' விதி 2014 மார்ச்சில் நாடு முழுக்க அமலுக்கு வந்தது. கோழி, கால்நடைகளுக்கு கோலிஸ்டின் மருந்து கொடுப்பதை மத்திய அரசு 2019-ல் தடை செய்தது.

எதற்கு இவ்வளவு பதற்றம்? 2019 என்ற ஒரே வருடத்தில், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக உலகம் முழுக்க இறந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

டார்வினை வைத்தே ஒரு செக்மேட்

பயமுறுத்திவிட்டு ஓடிவிடுவது நமக்கு அழகு இல்லை. இயற்கைத் தேர்வு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், அதற்கே செக் வைக்கலாம். வைத்தும் இருக்கிறார்கள்.

ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதில், பிரிட்டனில் டி.பி. நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1948-ல் ரிசல்ட் வந்தது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். மருந்து பெறாத 52 பேரில் 14 பேர். சூப்பர்! ஆனால், சந்தோஷம் நீடிக்கவில்லை. பலருடைய உடம்பில் மருந்தை எதிர்க்கும் டி.பி. கிருமி தலைதூக்கியது. நல்லானவர்கள் மறுபடி படுத்தார்கள்.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். நுரையீரலில் டி.பி.யால் குழி விழுந்த இடத்தில் சுமார் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். ஐசோநயாசிட் என்ற மருந்தை எதிர்க்கும் கிருமி, ஏறக்குறைய 10 லட்சத்துக்கு ஒன்று. அதாவது அந்தக் குழியில் முன்பே 100 குடைக்காரர்கள். ரிஃபாம்பிசினை எதிர்ப்பது 10 கோடிக்கு ஒன்று. அதற்கும் ஒருவர் இருக்கிறார். எந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தாலும் தோல்விதான். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால்? இரண்டு குடையும் ஒரே பையில் இருக்க வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: ஒரு கோடி கோடிக்கு ஒன்று! இருப்பதோ 10 கோடி. குடைக்காரர் கிடைக்கவே மாட்டார்.

டி.பி.க்குக் கூட்டு மருந்து கொடுப்பதன் அடிப்படை இதுதான். 1956-ல் மெட்ராஸில் தொடங்கிய டி.பி. ஆய்வு மையம், கூட்டு மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும், சானடோரியத்தில் படுத்துக்கொண்டு சாப்பிடுவதற்குச் சமமான பலன் கிடைக்கும் என்று 1959-ல் நிரூபித்தது. உலகமே அதைப் பின்பற்றியது. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். இன்றும் சாதாரண டி.பி.க்கு முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து. இரண்டாவது மாதமே இருமல் நின்று, உடம்பு தேறிவிடும். 'அதான் சரியாயிடுச்சே' என்று நிறுத்தினாலோ, ஒரு மாத்திரையை மட்டும் தவிர்த்தாலோ, இந்தக் கோடி கோடிக் கணக்கு மொத்தமும் கவிழ்ந்துவிடும்.

நம்ம கையில் என்ன?

சளி, ஃபுளூ எல்லாம் வைரஸ் வேலை. ஆன்டிபயாடிக் அதன் மேல் ஒரு சுண்டு விரலைக்கூட வைக்காது. ஆனால், அந்த மாத்திரை சும்மா இருக்காது. நம் குடலில் சாதுவாக இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவை வடிகட்டி, எதிர்ப்பு ஜீன் உள்ளவற்றை மட்டும் மிச்சம் வைக்கும். அவை நாளைக்கு நோய்க் கிருமிக்கு ஜெராக்ஸ் கொடுக்கும். அந்தக் கிருமி நம்மோடு நிற்காது. ரூம் மேட்டுக்கும், லீவில் ஊருக்குப் போனால் பாட்டிக்கும் போகும்.

ஆகவே, 'போன வாட்டி இதுதான் கேட்டுச்சு' என்று பழைய சீட்டைக் காட்டி வாங்க வேண்டாம். மிச்சம் இருக்கும் நாலு மாத்திரையை நண்பனுக்குத் தானம் பண்ண வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுத்தால் அதே அளவு, அதே நேரம், அவர் சொன்ன நாள் வரை. எழுதிக்கொடுக்கவில்லை என்றால், 'நல்லதா ஒரு ஆன்டிபயாடிக் போடுங்க சார்' என்று நாமே கேட்டு வாங்க வேண்டாம்.

எந்தப் பையில் குடை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இருக்கிற குடையையெல்லாம் பிடுங்கவும் முடியாது. 30,000 வருடத்துக்கு மேல் பழைய சரக்கு அது. ஆனால், பாக்டீரியா உலகத்தில் இந்த மழையைப் பெய்ய வைப்பது வானம் இல்லை. நாம்தான்!